பேர் கேட்காத கல்

“தோடு” என்றாள்.

அதற்குள் சக்கரக் கட்டிலைத் தள்ளிக்கொண்டு போய்விட்டார்கள். ஆபரேஷன் அறைக் கதவு மூடிக்கொண்டது. துரைக்கண்ணு தன் மனைவி அம்சவல்லியை உயிரோடு பார்த்தது அதுதான் கடைசி.

அவள் அவரைப் பார்த்து அதைச் சொல்லவில்லை. முன்பல் ஒன்று போயிருந்த வாயால், கட்டிலின் மறுபக்கம் கூடவே நடந்து வந்த மருமகள் சுகுணாவைப் பார்த்துச் சொன்னாள். அப்போது அம்சவல்லியின் காது இரண்டும் மூளியாக இருந்தன.

இதை அவர் ஓடையம்மாவிடம் சொல்லி முடித்தபோது வெயில் ஏறிவிட்டது.

“சரி, நான் என்ன செய்யணும்?” என்றாள் ஓடையம்மா.

“திருடினாளா இல்லையான்னு சொல்லணும்.”

“யாரு?”

“என் மருமக.”

“உங்க மருமகளை எனக்குத் தெரியாதே.”

“தொலைஞ்சது எதுவானாலும் நீங்க கண்டுபிடிச்சுக் கொடுப்பீங்கன்னு ஊருக்குள்ள சொன்னாங்களே அம்மா.”

ஓடையம்மா சிரித்துவிட்டாள். குடிசை வாசலில் குவித்து வைத்திருந்ததைக் கையால் காட்டினாள். கல்லாகிப்போன சுருட்டைச் சங்கு, பாதிச் சிப்பி, விரல் நீளத்துக்கு என்னவென்றே தெரியாத ஒன்று.

“பத்துக் கோடி வருசத்துக்கு முன்னாடி கடல்ல தொலைஞ்சதுங்க இதெல்லாம். மழை பேஞ்சா ஓடையில உருண்டு வரும். நான் பொறுக்கி வைப்பேன். அதைத்தான் கிண்டலா அப்படிச் சொல்லிவிட்டிருக்கானுங்க. உங்க தோடு எப்ப தொலைஞ்சது?”

“ரெண்டு வருசமாச்சு.”

“அவ்வளவு புதுசெல்லாம் எங்கிட்ட வராதுங்க.”

அவர் எழுந்து போயிருக்க வேண்டும். போகவில்லை. போக வேறு இடம் இல்லை.

ஓடையம்மாவைக் குரு என்று யாரும் சொன்னதில்லை. ஐம்பது வயதிருக்கும். அவரைவிடப் பதினேழு வயது இளையவள். நெட்டோடையில் பாறை பார்க்க வருகிறவர்கள் கூடாரம் போட்டுத் தங்கிய காலத்தில், பதினைந்து பனிக்காலம் அவர்களுக்குச் சோறு பொங்கிப் போட்டவள். அவர்கள் கூடாரத்தைப் பிரித்துக்கொண்டு போன பிறகும் இவள் ஓடைப் பள்ளத்திலேயே ஒரு தகரக் குடிசை போட்டு நின்றுவிட்டாள். மனசு ஒரு நிலையில் இல்லாதவர்கள் எப்படியோ அவளிடம் வந்து சேர்ந்தார்கள். வந்தவர்கள் ஏதாவது கேட்பார்கள். அவள் ஏதாவது வேலை கொடுப்பாள்.

“இவ்வளவு தூரம் எதுக்கு வந்தீங்க? உங்களுக்கு ஊரு கொள்ளிடக்கரைன்னீங்களே.”

“அவ பொறந்த ஊரு இது. ஒருவேளை தோட்டைக் கழட்டி இங்க அம்மா வீட்டுல வச்சிருப்பாளோன்னு கேக்க வந்தேன். வீடே இல்லை. ஒரு சுவர் நிக்குது.”

ஓடையம்மா அவரை நிமிர்ந்து பார்த்தாள்.

“நெட்டோடைப் பொண்ணா?”

“ஆமா.”

பிறகு வாசலில் கிடந்த கற்களைப் பார்த்தாள்.

“தோடு கிடைச்சா என்ன செய்வீங்க?”

துரைக்கண்ணு யாரிடமோ சொல்வதுபோலச் சொன்னார்.

“முப்பத்தெட்டு வருசம் அம்மா. எனக்கு ஒண்ணு வேணும்னு அவ வாயைத் திறந்து கேட்டதே இல்லை. தீபாவளிக்குப் புடவைகூட நான் எடுத்துட்டு வந்ததுதான். கேட்டது அது ஒண்ணுதான். அதுவும் எங்கிட்டக் கேக்கலை. அதையாவது கொடுத்திருக்கணும் இல்ல?”

ஓடையம்மா குனிந்து ஒரு கல்லை எடுத்து அவர் மடியில் போட்டாள். சாம்பல் நிறம். உள்ளங்கை அகலம்.

“இதை உரிங்க. உள்ளே என்ன இருக்குன்னு பாத்துச் சொல்லுங்க.”

*

நகத்தைக் கொடுத்து நெம்பினால் போதும். கல் இதழ் இதழாகப் பிரிந்தது. ஒன்றை எடுத்தால் அடியில் இன்னொன்று. அதை எடுத்தால் இன்னொன்று. சில இதழ் காகித கனம்தான். கையில் மாவு மாதிரி ஒட்டியது.

ஒரு கல் முடிந்தது. இன்னொன்றை எடுத்தார். அதுவும் முடிந்தது.

மத்தியானம் ஓடையம்மா கூழ் கொண்டுவந்து வைத்தாள்.

“என்ன இருந்துச்சு?”

“ஒண்ணும் இல்லை. உரிக்க உரிக்கத் தோலாத்தான் வருது.”

“தோல்னா உள்ளே பழம் இருக்கணுமே.”

“பழம் இல்லைங்க.”

“பழமே இல்லாததுக்கு எப்படித் தோல் வந்துச்சு?”

“அது எனக்குத் தெரியாது. நான் தபால்காரன்.”

“அப்ப இன்னும் உரிங்க.”

சாயங்காலப் பஸ் போய்விட்டது. அவர் ஊர்ச் சாவடியில் துண்டை விரித்துப் படுத்தார்.

*

மறுநாள் அவராகவே வந்து உட்கார்ந்தார். கல்லை எடுத்துக்கொண்டார். ஓடையம்மா ஆட்டுக்குத் தழை கட்டிக்கொண்டிருந்தாள்.

“தோடு எப்படி இருக்கும்?”

“ஏழு கல்லு. நடுவுல செவப்பு. எங்க கல்யாணத்துக்குப் போட்டது. பஸ்ஸுல ஏறினா இப்பவும் பொம்பளைங்க காதைத்தான் பாக்கறேன். சமயபுரத்துல ஒரு பொண்ணு, வயசான காலத்துல என்னய்யா பார்வைன்னு செருப்பைக் கழட்டிட்டா.”

“வாங்கினீங்களா?”

“டிரைவர் நடுவுல வந்துட்டாரு.”

இருவரும் சிரித்தார்கள். அவர் சிரித்து எவ்வளவோ நாளாகியிருந்தது. சிரிப்பு முடிந்ததும் இன்னொரு கல்லை எடுத்தார்.

“ஆபரேஷனுக்கு முன்னாடி நகையெல்லாம் கழட்டச் சொன்னாங்க. தாலிக்கொடி, வளையல் எல்லாத்தையும் சுகுணா முடிஞ்சு எங்கிட்டக் கொடுத்துட்டா. தோடு மட்டும் இல்லை. தலையணைக்கு அடியில வச்சாங்க, பாத்தேன், காணோம்னா. அப்புறம்தான் என் சம்சாரம் கட்டில்ல போறப்ப அவ மூஞ்சியைப் பாத்து, தோடுன்னு சொல்றா. அதுக்கு என்ன அர்த்தம்? நீங்களே சொல்லுங்க.”

“நீங்க என்ன அர்த்தம் பண்ணினீங்க?”

“கருமாதி அன்னிக்குச் சொந்தக்காரங்க அத்தனை பேரும் இருந்தாங்க. எடுத்தவ கொடுத்துடுன்னு கேட்டேன். பேரைச் சொல்லித்தான் கேட்டேன்.”

“மருமக என்ன சொன்னா?”

“என்னமோ பேச்சை மாத்தினா.”

“என்னன்னு?”

“அத்தை கேட்டது அந்தத் தோடு இல்லை மாமான்னா. எனக்கு வந்துச்சு பாருங்க கோவம். எந்தத் தோடு? உங்கத்தைக்கு என்ன பத்து ஜோடியா இருந்துச்சுன்னேன். பந்தியில இருந்தவன்லாம் சிரிச்சான். அவ மேல பேசலை. அப்ப அவளுக்கு நாலு மாசம். அன்னிக்கே என் மகன் அவளைக் கூட்டிக்கிட்டு பெரம்பலூர் போயிட்டான். பேத்தி பொறந்திருக்காம். யாரோ சொன்னாங்க.”

கை மட்டும் உரித்துக்கொண்டே இருந்தது.

ஓடையம்மா தழையைக் கட்டி முடித்து, கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு எதிரே வந்து குந்தினாள்.

“எத்தனை வருசம் தபால் கொடுத்தீங்க?”

“முப்பத்திரண்டு.”

“ஒரு தெருவுல ரெண்டு முருகேசன் இருந்தா என்ன செய்வீங்க?”

“எங்க மேலத்தெருவுல நாலு முருகேசன் இருந்தான்.”

“சரி, நாலு. என்ன செய்வீங்க?”

“இனிஷியலைப் பாப்பேன்.”

“இனிஷியல் போடலைன்னா?”

“நின்னு விசாரிப்பேன். அப்பா பேரு என்ன, எந்த ஊருலேருந்து வந்தவங்கன்னு கேப்பேன். மாத்திக் கொடுத்தேன்னு ஒரு புகார் கிடையாதுங்க என் மேல. முப்பத்திரண்டு வருசத்துல ஒண்ணு கிடையாது.”

“சாவுத் தந்திகூட?”

“அதுக்குத்தான் ரொம்ப நேரம் விசாரிப்பேன்.”

“ம்” என்றாள் ஓடையம்மா. எழுந்து அடுப்பைப் பார்க்கப் போய்விட்டாள்.

அவள் ஏன் கேட்டாள் என்று துரைக்கண்ணுவுக்கு விளங்கவில்லை. அன்று பஸ் இருந்தது. அவர்தான் ஏறவில்லை.

*

மூன்றாம் நாள் காலையில் ஒரு கர்ப்பிணிப் பெண் பள்ளத்துக்குள் இறங்கி வந்தாள். ஏழெட்டு மாதம் இருக்கும். இடுப்பில் ஒரு கையை ஊன்றிக்கொண்டு, சறுக்கும் இடத்தில் பக்கவாட்டில் காலை வைத்து வந்தாள்.

“ஓடையம்மா, தோடு எடுத்துக்கட்டுமா?”

துரைக்கண்ணு சட்டென்று நிமிர்ந்தார். அவளுடைய காதைப் பார்த்தார். இரண்டு காதிலும் தோடு இருந்தது.

“எடுத்துக்க. மேட்டுல கிடக்கறது வேணாம், ஆடு மிதிச்சது. இந்த ஐயா ரெண்டு நாளா உரிச்சுக் குவிச்சு வச்சிருக்காரு பாரு, அதுல நல்லதாப் பாத்து எடு.”

அந்தப் பெண் மெல்ல அவர் எதிரில் குந்தினாள். அவர் உரித்துப் போட்டிருந்த இதழ்களைக் கிளறினாள். ஒன்றை எடுத்து மூக்கருகே வைத்து மோந்தாள். கீழே போட்டாள். இன்னொன்றை எடுத்தாள். நுனி நாக்கால் தொட்டாள். பிறகு ஓரத்தைக் கடித்தாள்.

கறுக்கென்று சத்தம் கேட்டது.

“நிறையத் தின்னாதடி. நர்ஸம்மா வந்து என்னையில்ல திட்டும்?”

“ரெண்டே ரெண்டுதான். வாய் இதையேதான் கேக்குது ஓடையம்மா. தூக்கத்துல தோடு தோடுன்னு பொலம்பறேனாம். அவரு, காதுல இருக்கறது பத்தாதாடின்னு சிரிக்கறாரு. அவருக்கு மதுரைப் பக்கம்ல.”

துரைக்கண்ணுவின் கையிலிருந்த கல் நழுவி மடியில் விழுந்தது.

“ஏம்மா... இதுக்குப் பேரு என்ன?”

“எதுக்கு?”

“நீ திங்கறியே.”

“தோடு. எந்த ஊரு தாத்தா நீங்க, தோடு தெரியாதா?” என்றாள் அவள். வாயோரம் சாம்பலாய் ஒட்டியிருந்தது. நாலு இதழை முந்தானையில் முடிந்துகொண்டு எழுந்தாள். வந்தது போலவே பக்கவாட்டில் காலை வைத்து மேடேறிப் போனாள்.

அவள் தலை மறைகிற வரைக்கும் அவர் பார்த்துக்கொண்டிருந்தார்.

“கல்லுக்குப் போயி ஏன் தோடுன்னு பேரு?” என்றார். குரல் அவருடையதாக இல்லை.

“ஆரஞ்சுப் பழத்தை உரிச்சா வர்றதை என்னன்னு சொல்வீங்க?”

“தோல்.”

“நாங்க தோடுன்னுவோம். விளாம்பழத்து ஓட்டையும் தோடுன்னுவோம். பனங்குருத்து ஏட்டையும் தோடுன்னுவோம். மேல மூடியிருக்கறது, உரிஞ்சு வர்றது எல்லாம் தோடு. இந்தக் கல்லும் உரியுது.”

“காதுல போடறது?”

“முதல்ல பனை ஏட்டைத்தான சுருட்டிப் போட்டிருப்பாங்க. தங்கம் அப்புறம் வந்ததுதான?”

அவர் மடியில் விழுந்த கல்லை எடுத்துப் பார்த்தார்.

“பாறை பார்க்க வந்தவங்க இதை ஷேல்னுவாங்க. அப்படின்னா என்னய்யான்னு ஒரு கண்ணாடிக்காரரைக் கேட்டேன். சோறு போடறப்ப கேட்டாத்தான் பதில் வரும். பழைய இங்கிலீஷ்ல ஓடு, உமி, மேல்தோல்னு அர்த்தமாம். நான் கரண்டியோட அப்படியே நின்னுட்டேன். கடலுக்கு அந்தப் பக்கம் இருக்கறவனும் இதைக் கையில எடுத்து உரிச்சுப் பாத்துட்டுத்தான் பேரு வச்சிருக்கான்.”

“எல்லாரும் கேட்டிருக்காங்க” என்றார் துரைக்கண்ணு.

“எதை?”

“பேரை.”

அவருக்குக் கல்யாணமான முதல் மாதம் நினைவுக்கு வந்தது. நாற்பது வருடமாக அது எங்கே கிடந்தது என்று தெரியவில்லை. முழுசாக வந்தது. அம்சவல்லி பின்கட்டில் சுவரைப் பார்த்து உட்கார்ந்து எதையோ மென்றுகொண்டிருந்தாள். மடியில் ஒரு துணி மூட்டை. என்ன அது என்றார். கல் என்றாள். பதினெட்டு வயது. பயந்த முகம். கல்லையா தின்கிறாய், மனுஷியா மாடா என்று கத்தி, வாயில் இருந்ததைத் துப்பவைத்தார். மூட்டையைக் கொண்டுபோய் வாய்க்காலில் கொட்டினார். கொட்டிவிட்டு வந்து கையைக் கழுவினார்.

அது எந்தக் கல் என்று அவர் கேட்கவில்லை. வாய்க்கால் தண்ணீரில் அது கரைந்து கலங்கியதை மட்டும் பார்த்தார்.

அதற்குப் பிறகு அவள் எதுவும் கேட்டதில்லை.

அவர் கையிலிருந்த கல்லைக் கீழே வைத்தார்.

“நெட்டோடைப் பொண்ணான்னு கேட்டீங்களே, அப்பவே உங்களுக்குத் தெரிஞ்சுபோச்சு இல்ல?”

“ம்.”

“அன்னிக்கே சொல்லியிருக்கலாமே அம்மா.”

“உங்க மருமக கருமாதி அன்னிக்கே சொன்னாளே.”

அவர் எழுந்தார். வேட்டியிலிருந்து சாம்பல் நிறத் தூள் உதிர்ந்தது. தட்டிவிடாமல் மேடேறினார்.

*

பெரம்பலூரில் மகன் வீடு மாடியில் இருந்தது. கதவைத் திறந்த சுகுணா உள்ளே வாருங்கள் என்று சொல்லவில்லை. கதவை மூடவும் இல்லை.

“அவரு வேலைக்குப் போயிருக்காரு. ஆறு மணிக்கு மேலதான் வருவாரு.”

“உங்கிட்டதாம்மா வந்தேன்.”

“தோடு எங்கிட்ட இல்லை மாமா. அன்னிக்கும் இல்லை, இன்னிக்கும் இல்லை.”

“அதைக் கேக்க வரலை.”

அவள் நிலைப்படியில் கையை வைத்து நின்றாள். உள்ளே ஒரு குழந்தை எதையோ தரையில் தட்டிக்கொண்டிருந்தது.

“அந்தத் தோடு இல்லைன்னு அன்னிக்குச் சொன்னியே” என்றார். “எந்தத் தோடும்மா?”

சுகுணா அவரைப் பார்த்தாள். கோபம் வரும் என்று அவர் எதிர்பார்த்தார். வந்தது.

“ரெண்டு வருசம் கழிச்சுக் கேக்கறீங்க.”

“ஆமா.”

“அத்தனை பேர் சிரிச்சாங்க மாமா. சோத்துக் கையோட சிரிச்சாங்க.”

“ஆமாம்மா.”

“எங்க அம்மா வீட்டுல இன்னைக்கு வரைக்கும் ஒரு விசேஷத்துக்குப் போனதில்லை நான்.”

அவர் தலையை ஆட்டினார். சொன்னால் சரியாகிவிடுகிற ஒன்றாக அது இல்லை.

குழந்தை தட்டுவதை நிறுத்தியது. சுகுணா உள்ளே ஒருமுறை எட்டிப் பார்த்துவிட்டுத் திரும்பினாள். குரல் இறங்கியிருந்தது.

“அவங்க ஊருக் கல்லு. நெட்டோடை வழியா வர்ற பஸ்ஸுல ஒரு பூக்காரம்மா கொண்டுவந்து கொடுக்கும். மாமாவுக்குத் தெரியக் கூடாது, தூக்கிப் போட்டுடுவாருன்னு எங்கிட்டத்தான் வச்சுக்கச் சொல்வாங்க. அரிசிப் பானைக்குப் பின்னாடி இருக்கும். நீங்க சைக்கிளை எடுத்துட்டுப் போனதும் ரெண்டு பேரும் உக்காந்து தின்போம். மாசமானதும் எனக்கும் அதுலதான் ஆசை வந்துச்சு.”

“எத்தனை வருசமா?”

“நான் வர்றதுக்கு முன்னாடியிலேருந்தே. எப்பவுமே நிறுத்தலைன்னாங்க.”

துரைக்கண்ணு மாடிப்படியின் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டார்.

“ஆபரேஷன் அன்னிக்குக் காலையிலிருந்து அதைத்தான் கேட்டாங்க” என்றாள். “வாய் வறண்டுபோச்சு சுகுணா, ஒரு துண்டு தோடு கொடு, சும்மா வாயில வச்சுக்கறேன்னாங்க. ஒண்ணும் கொடுக்கக் கூடாதுன்னு நர்ஸ் சொல்லிட்டுப் போயிருந்தாங்க. முடிஞ்சு வந்ததும் தர்றேன் அத்தைன்னேன். கதவுகிட்ட போறப்பவும் கேட்டாங்க.”

அவள் முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள்.

“பையில இருந்துச்சு மாமா. என் தோள்லதான் பை இருந்துச்சு. நான் கொடுக்கலை.”

“கொடுக்கக் கூடாதுன்னாங்கல்ல” என்றார் அவர்.

“சொன்னாங்க.”

“நீ என்ன செய்வே.”

“சும்மா வாயில வச்சுக்கறேன்னுதான் கேட்டாங்க.”

கீழே தெருவில் ஒருவன் உப்பு விற்றுக்கொண்டு போனான். அவன் குரல் தெருமுனை திரும்புகிற வரைக்கும் இருவரும் அப்படியே நின்றார்கள்.

“நில்லுங்க” என்று சொல்லிவிட்டு சுகுணா உள்ளே போனாள்.

திரும்பி வந்தபோது கையில் ஒரு சின்ன எவர்சில்வர் டப்பா இருந்தது. இறுக்கமான மூடி. அவளே திறந்து அவர் முன்னால் நீட்டினாள்.

“அன்னிக்குப் பையில இருந்தது. முந்தின நாள் சாயங்காலம் தின்னுட்டு மிச்சத்தை அவங்கதான் மூடி வச்சாங்க.”

உள்ளே ஐந்து துண்டுகள் இருந்தன. நாலு முழுசு. ஒன்று கடித்தது. கடித்த ஓரத்தில் இந்தப் பக்கம் ஒரு பல்லின் தடமும் அந்தப் பக்கம் ஒரு பல்லின் தடமும் இருந்தன. நடுவில், பல் இல்லாத இடத்தில், கல் கடிபடாமல் நின்றது.